மூடிய குழுமத்தின் மடல்கள் யாருக்குச் சொந்தம்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கல்லூரி நாட்களில் ஓர் அறிவியல் புனைகதைத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் வட்டத்தில் சேர்ந்தவர் அவர். தொடர் முடிந்த பிறகும் வட்டம் ஓயவில்லை. மின்னஞ்சல் வழியாகப் பேசிக்கொள்ளும் யாஹூ குழுமத்தில் தினமும் மடல்கள் குவிந்தன. உறுப்பினர்களே அந்தப் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதினார்கள், படம் வரைந்தார்கள், நகலெடுத்துத் தைத்த இதழ்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டார்கள். பிறகு குழுமமே இல்லாமல் போனது. எல்லாவற்றையும் விடாமல் சேர்த்துவைத்திருந்த தோழி சென்ற ஆண்டு காலமானார். அவருடைய தங்கை ஒரு ஹார்ட் டிஸ்க்கையும் இதழ்கள் நிறைந்த பெட்டிகளையும் நம் வாசகியிடம் ஒப்படைத்திருக்கிறார்.

பழைய நண்பர்கள் நால்வர் சேர்ந்து, எல்லோரும் எழுதிச் சேர்க்கக்கூடிய ஒரு விக்கியாக அந்த வட்டத்தின் வரலாற்றைப் பதிவு செய்ய நினைக்கிறார்கள். "எல்லாம் பொதுவில் போட்ட மடல்கள்தானே, அப்படியே ஏற்றிவிடலாம் இல்லையா? யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் எழுதட்டும், எடுத்துவிடுகிறோம் என்று கீழே ஒரு வரி போட்டால் போதாதா?" என்பது முதல் கேள்வி. அந்தக் காலத்தில் புனைபெயரில் காதல் கதைகள் எழுதிய ஒருவர், இப்போது ஆசிரியராக இருக்கிறார். தன் கதைகளையும் பெயரையும் தொடவே கூடாது என்கிறார். நால்வரில் ஒருவரோ வரலாற்றை அழிக்க முடியாது என்று பிடிவாதமாக நிற்கிறார். இன்னொரு பக்கம், சந்திப்பு ஒன்றுக்காகத் திரட்டிய பணத்தால் வட்டம் இரண்டாக உடைந்த கதை. அதைப் பற்றி வாசகி ஒரு பக்கம் எழுதி முடித்து, என் பார்வைக்கும் அனுப்பியிருக்கிறார். கடைசியாக, டொமைனும் சர்வரும் ஒரே நண்பரின் பெயரில், அவருடைய கார்டில் ஓடுகின்றன. அமைப்பாகப் பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்கிறார்.

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் அவசரம் நியாயமானது. இலவசமாக இணையப் பக்கம் கட்ட இடம் தந்த ஜியோசிட்டிஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டபோது ரசிகர்கள் கையால் கட்டிய எத்தனையோ பக்கங்கள் ஒரே நாளில் போயின. ஆர்குட் சமூக வலைத்தளம் 2014 செப்டம்பர் 30 அன்று போனது. யாஹூ குழுமங்களின் பழைய மடல்களை அழிக்கப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சில மாதங்களிலேயே அவை போயின. 2020 டிசம்பர் 15 அன்று சேவையே நின்றது. உங்கள் தோழி அதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கிவைத்திருந்தது பெரிய காரியம்.

ஆனால் இந்த அவசரம் சேமிப்பதற்கு மட்டும்தான். வெளியிடுவதற்கு எந்த அவசரமும் இல்லை. உங்கள் கடிதத்தில் மூன்று வேலைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: கிடைத்ததைப் பத்திரமாக வைப்பது, அதைப் படித்து வரலாற்றை உங்கள் சொற்களில் எழுதுவது, மூலப் பொருளையே மறுபடி வெளியிடுவது. முதல் வேலையை இன்றே செய்யுங்கள். இரண்டாவதில் உங்களுக்கு நிறையவே சுதந்திரம் இருக்கிறது. மூன்றாவதுக்குத்தான் அனுமதி வேண்டும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் வட்டத்தினரும் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனால் எங்கும் ஏறக்குறைய பொருந்துகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

பொதுவில் இருந்தால் பொதுச்சொத்து ஆகிவிடாது

உங்கள் கடிதத்தில் நான் முதலில் திருத்த வேண்டியது இந்த எண்ணத்தைத்தான். 180க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கும் பெர்ன் ஒப்பந்தப்படி, ஒருவர் எழுதிய உடனேயே பதிப்புரிமை அவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, அடியில் குறி போட வேண்டியதும் இல்லை. எழுதியவர் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளும் அது நீடிக்கும். பல நாடுகளில் 70. சாதாரண மடலுக்கும் இதேதான். குழுமம் மூடியதாலோ, எழுதியவர் காணாமல் போனதாலோ உரிமை காற்றில் கரைந்துவிடாது. "மூலத் தொடரின் பாத்திரங்களை எடுத்து எழுதியதே முறையில்லை, அப்புறம் அவர்களுக்கு என்ன உரிமை?" என்று உங்கள் நண்பர் கேட்டாராம். அந்தக் கதைகளில் ரசிகர் சொந்தமாகச் சேர்த்த பகுதிக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதில் நாட்டுக்கு நாடு வாதம் வேறுபடும். எந்த வாதமும் அந்தக் கதையை எடுத்துப் போடும் உரிமையை உங்களுக்குத் தந்துவிடாது.

தனிப்பட்ட கடிதங்களின் நிலைமை இன்னும் கடினம். காகிதம் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்து எழுதியவருக்குச் சொந்தம். எழுத்தாளர் ஜே.டி. சாலிஞ்சரின் கடிதங்கள் பல்கலைக்கழக நூலகங்களில் இருந்தன; ஆய்வாளர் யாரும் போய்ப் படிக்கலாம். ஆனாலும் வாழ்க்கை வரலாறு எழுதியவர் அவற்றிலிருந்து எடுத்தாண்டபோது, 1987இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் புத்தகத்துக்குத் தடை போட்டது. வெளிவராத எழுத்து என்ற ஒரே காரணத்தால் நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதியில்லாமலே ஓரளவு எடுத்தாள்வதற்கான சட்ட விலக்கு, அடிபட்டுப் போகாது என்று 1992இல் அங்கே சட்டத்தைத் தளர்த்தினார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் தோழிக்குத் தனியாக வந்த மடல்களும் இருக்குமே, அவற்றை முதல் வேலையாகத் தனிக் கோப்புறைக்கு நகர்த்திவிடுங்கள். அவற்றை வெளியிடும் அதிகாரம் தங்கைக்கும் இல்லை. அவர் ஒப்படைத்தது பெட்டியை மட்டும்தான். உங்கள் தோழி தானே எழுதியவற்றின் உரிமை வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசு தங்கைதானா என்று கேட்டு, அவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"ஆட்சேபம் இருந்தால் எடுத்துவிடுகிறோம்" என்ற வரி நல்ல மரியாதை. போடுங்கள். ஆனால் அது அனுமதி ஆகாது. மற்றவர்கள் ஏற்றுவதற்கு இடம் மட்டும் கொடுக்கும் தளங்களுக்குப் பல நாடுகளில் ஓரளவு சட்டப் பாதுகாப்பு உண்டு, புகார் வந்தவுடன் எடுத்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீங்களே ஸ்கேன் செய்து நீங்களே ஏற்றும்போது அந்தக் குடைக்குள் நீங்கள் வரமாட்டீர்கள்.

சரி, என்னதான் செய்யலாம்? நிறையவே செய்யலாம். நடந்த சம்பவங்கள் யாருக்கும் சொந்தமில்லை. எந்த ஆண்டு எந்த இதழ் வந்தது, அதில் எத்தனை கதைகள், எந்த விவாதம் எப்படித் தொடங்கியது, வட்டத்துக்குள் என்னென்ன கேலிப்பெயர்கள் புழங்கின என்பதையெல்லாம் உங்கள் சொற்களில் எழுதலாம். பொதுவில் வெளியான எழுத்திலிருந்து, சொல்லவந்ததற்குத் தேவையான அளவு சில வரிகளை மேற்கோள் காட்டி, மூலத்தையும் எழுதியவரையும் குறிப்பிடலாம். பெர்ன் ஒப்பந்தமே அதற்கு இடம் தருகிறது. ஒரு இதழின் பொருளடக்கத்தை விவரமாகத் தட்டச்சு செய்து போட்டாலே ஆய்வாளருக்குப் பாதித் தேவை தீர்ந்துவிடும். முழுக் கதை, முழு ஓவியம், இதழின் முழு ஸ்கேன் என்று வரும்போதுதான் எழுதியவரைத் தேட வேண்டும்.

தேடிக் கண்டுபிடித்து அனுப்பும் கடிதம் நேராக இருக்கட்டும். எந்தப் படைப்பு, எங்கே வரும், எந்தப் பெயரில் வரும், பின்னால் மனம் மாறினால் யாருக்கு எழுத வேண்டும் என்ற நான்கும் அதில் வேண்டும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதில் வரும்வரை அது பெட்டியிலேயே இருக்கட்டும். மூடப்போகும் ரசிகர் தளங்களை எடுத்து 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற ரசிகர் படைப்புகளுக்கான தளத்தில் சேர்க்கும் 'ஓப்பன் டோர்ஸ்' என்ற திட்டம் ஒன்று இருக்கிறது. படைப்பாளர்களுக்கு மடல் எழுதி, வேண்டாம் என்பவர்களுக்கு வழிவிட்டுத்தான் அவர்களே மாற்றுகிறார்கள். அவர்களின் நடைமுறைகளை ஒருமுறை படித்துப் பாருங்கள். தொடரின் லோகோவும் வேண்டாம், டொமைனில் தொடரின் பெயரை அப்படியே வைப்பதும் வேண்டாம். விளம்பரம் போடும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

பெயரை எடுக்கச் சொன்னவர்

உண்மையைச் சொன்னால், பதிப்புரிமை வழக்கைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். ஒரு பழைய கதையை ஏற்றியதற்காக யாரும் உங்களை நீதிமன்றத்துக்கு இழுப்பது அபூர்வம். ஒருவருடைய புனைபெயரும் இயற்பெயரும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டால் அவருடைய வேலையே போகலாம். அதைத் திருப்பி எடுக்க வழியே கிடையாது.

அந்த ஆசிரியை உங்களிடம் கேட்பதில் மூன்று கோரிக்கைகள் இருக்கின்றன. தனித்தனியாகப் பாருங்கள். கதைகள் வேண்டாம் என்கிறார். அவை அவருடையவை, பேச்சுக்கே இடமில்லை. இயற்பெயரையும் புனைபெயரையும் இணைக்காதீர்கள் என்கிறார். இதிலும் விவாதிக்க ஒன்றுமில்லை. ரசிகர் வரலாற்றைத் தொகுக்கும் 'ஃபேன்லோர்' விக்கியில்கூட, ஒரு ரசிகரின் அனுமதியில்லாமல் இந்த இரண்டு பெயர்களையும் இணைக்கக் கூடாது என்பது விதி. மூன்றாவது, வரலாற்றுப் பக்கங்களில் புனைபெயர்கூட வரக்கூடாது என்பது. இதில்தான் பேச இடமிருக்கிறது. அவர் வட்டத்தின் முதல் இதழைத் தொடங்கியவர் என்றால் அவரை அடியோடு விட்டுவிட்டு அந்த இதழின் கதையைச் சொல்வது கடினம். "நிறுவிய ஆசிரியர்" என்று பொறுப்பால் குறிக்கலாம், அல்லது அவரே தேர்ந்தெடுக்கும் வேறொரு பெயரைப் போடலாம். 'ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்தில் படைப்பை விட்டுவிட்டு அதிலிருந்து தன் பெயரை மட்டும் கழற்றிக்கொள்ளும் வசதி உண்டு. உங்கள் நண்பரிடம் அதைக் காட்டுங்கள். பெயர் போனாலும் வரலாறு நிற்கும் என்பதற்கு நான் சொல்வதைவிட அது நல்ல சான்று.

ஆனால் "எடுத்துவிட்டோம்" என்று சொல்வதற்கு முன்னால் உண்மையிலேயே எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். விக்கியில் பக்கத்தைத் திருத்தினால் பழைய வடிவம் 'வரலாறு' பகுதியில் அப்படியே இருக்கும், ஒரே சொடுக்கில் தெரியும். விக்கிகளை நடத்தப் பயன்படும் மீடியாவிக்கி மென்பொருளில் குறிப்பிட்ட பழைய திருத்தங்களை மறைக்கும் வசதி இருக்கிறது. நிர்வாகிகளுக்கு அதைக் கற்றுக்கொடுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் மென்பொருள்) ஓடியிருந்தால் பக்கத்துக்குள் புதைந்த பெயரும் தேடலில் வந்துவிடும். புகைப்படக் கோப்புக்குள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம். குழுமத்திலிருந்து இறக்கிய மடல்களின் தலைப்பகுதியில் அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி முழுதாக நிற்கும்.

அந்தப் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு பழைய இதழை எடுத்து வாசகர் கடிதப் பகுதியைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்து ரசிகர் இதழ்களில் கடிதம் எழுதியவரின் வீட்டு முகவரியையும் சேர்த்து அச்சிடுவது சாதாரணம். ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள அதுதான் வழி. ஐம்பது பேர் கைக்குப் போகும் இதழில் முகவரி கொடுத்தவர், உலகம் முழுக்கத் தேடிப் பார்க்கும் இடத்தில் அதைப் போடச் சம்மதித்ததாக ஆகாது. ஸ்கேன் வெளியிட அனுமதி வாங்கியிருந்தாலும் முகவரிகளைக் கறுப்படித்துவிட்டே போடுங்கள். கறுப்படிக்காத மூலப் பிரதி உங்கள் பெட்டியில் பத்திரமாக இருக்கட்டும்.

"நாங்கள் நிறுவனமா என்ன, பொழுதுபோக்காகச் செய்கிறோம், தனியுரிமைச் சட்டமெல்லாம் எங்களுக்கு எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்வீடனில் ஒரு தேவாலயத் தன்னார்வலர் வீட்டுக் கணினியில் ஒரு இணையப் பக்கம் செய்தார். சக ஊழியர்களைப் பற்றிக் கொஞ்சம் நகைச்சுவையாக எழுதினார். ஒருவருக்குக் காலில் அடிபட்டதால் அரைநேர விடுப்பில் இருக்கிறார் என்பதையும் சேர்த்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. எல்லையில்லாமல் எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டால் அது வீட்டு உபயோகம் ஆகாது, காலில் பட்ட அடி உடல்நலத் தகவல் என்று 2003இல் தீர்ப்பு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள் இதைவிட விரிவானவை. தகவலை அழிக்கக் கேட்கும் உரிமை அதில் உண்டு. பொதுநலனுக்கான ஆவணக் காப்புக்கு விலக்கும் உண்டு. ஆனால் அந்த விலக்கு பாதுகாப்பு ஏற்பாடுகளோடு வருவது. நான்கு நண்பர்களின் விக்கி அதை நம்பிக் கதவைத் திறந்து போட முடியாது.

பிளவைப் பற்றிய பக்கம்

நீங்கள் அனுப்பிய பக்கத்தைப் படித்தேன். "சந்திப்பு நிதியைச் சுருட்டிக்கொண்டு குழுவை உடைத்தவர் அப்போதைய பொருளாளர்" என்று தொடங்குகிறது. பெயர் போடவில்லை, அதனால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்கள். அப்போதைய பொருளாளர் ஒருவர்தானே? வட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது யார் என்று தெரியும். அவதூறுக்கு அது போதும். "அன்றே எல்லோரும் இதைச் சொன்னார்கள்" என்பதும் காப்பாற்றாது; பிறர் சொன்ன குற்றச்சாட்டைத் திரும்பச் சொன்னாலும் பொதுவாக அது நீங்கள் சொன்னதாகத்தான் கொள்ளப்படும்.

உங்களிடம் இருக்கும் மடல்கள் உண்மையில் காட்டுவது எவ்வளவோ அவ்வளவை மட்டும் எழுதினால் இப்படி வரும்: "சந்திப்புக்குத் திரட்டிய பணத்தின் கணக்கைக் கேட்டு உறுப்பினர் சிலர் குழுமத்தில் எழுதினார்கள். ரசீதுகளை அனுப்புவதாகப் பொருளாளர் பதிலளித்தார். ரசீதுகள் குழுமத்தில் பகிரப்பட்டதாக இந்தத் தொகுப்பில் பதிவு இல்லை; தொகுப்பு முழுமையானதும் அல்ல. அடுத்த மாதம் ஒரு பகுதியினர் விலகித் தனிக் குழுமம் தொடங்கினார்கள்." சுருட்டினார் என்ற சொல் போய்விட்டது. ஆனால் படிப்பவருக்கு நடந்தது எதுவும் குறையவில்லை. சொல்லப்போனால் முதல் வடிவத்தைவிட இதில்தான் தகவல் அதிகம்.

"தொகுப்பு முழுமையானது அல்ல" என்று நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. உங்கள் கையில் இருப்பது உங்கள் தோழி சேர்த்தது, அவர் உங்கள் அணி. விலகிப்போனவர்களின் குழும மடல்கள் உங்களிடம் இல்லை. ரசீதுகள் அங்கே போயிருக்கலாம். ஜெயித்தவர்கள் எழுதும் வரலாறு இது என்று அவர்கள் சொல்வது உங்களைப் புண்படுத்தியிருக்கிறது, புரிகிறது. ஆனால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபேன்லோர் விக்கி ஒரே நடுநிலைக் குரலை வற்புறுத்தாமல், பல பார்வைகளையும் பக்கத்தில் வைப்பதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. ரசிகர் வட்டச் சண்டைகளுக்கு அதுதான் பொருத்தம் என்பது என் எண்ணம். பக்கத்தை வெளியிடுவதற்கு முன்பே எதிர் அணியில் ஒருவருக்கு அனுப்பி, அவர்கள் தரப்பை அவர்கள் சொற்களிலேயே எழுதித் தரக் கேளுங்கள். வந்ததற்கு அடுத்த வரியிலேயே மறுப்பு எழுதாதீர்கள். அவர்கள் மறுத்தால், கேட்டோம், தரவில்லை என்று ஒரு வரி போதும். இன்னொன்று: அந்தப் பக்கத்தைத் திருத்தும் உரிமை முதல் சில மாதங்களுக்கு நிர்வாகிகள் கையில் மட்டும் இருக்கட்டும். அந்த நிர்வாகிகளில் ஒருவராவது பிளவுக்குப் பிறகு வட்டத்துக்கு வந்தவராக இருந்தால் நல்லது.

டொமைன் யார் கையில்?

அமைப்பாகப் பதிவு செய்வது இப்போதைக்குக் கட்டாயம் இல்லை. நன்கொடை வாங்கத் தொடங்கினால் யோசிக்கலாம். பணத்தால் ஒருமுறை உடைந்த வட்டம் உங்களுடையது, மறந்துவிடாதீர்கள். இப்போதைக்கு வேண்டியது நால்வரும் கையெழுத்திட்ட ஒரு பக்க ஒப்பந்தம். டொமைன் நண்பரின் பெயரில் இருந்தாலும் குழுவின் சார்பாக வைத்திருக்கிறார் என்பது, அவர் விலகினாலோ அவருக்கு ஏதாவது நேர்ந்தாலோ அது யாரிடம் போகும் என்பது, பெயரை எடுக்கச் சொல்லி வரும் கோரிக்கையை யார் எத்தனை நாளில் முடிவு செய்வார் என்பது. இவ்வளவுதான்.

விக்கிட்ராவல் என்ற பயணத் தகவல் விக்கியை அதைத் தொடங்கியவர்கள் 2006இல் ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். ஆண்டுக்கணக்கில் எழுதிய தன்னார்வலர்களில் பலர் பிறகு வெளியேறி, அதே கட்டுரைகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பிரதிதான் 2013 முதல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவின் கீழ் விக்கிவாயேஜ் என்று நடக்கிறது. எடுத்துப் போக முடிந்ததற்குக் காரணம் கட்டுரைகள், யாரும் நிபந்தனைகளோடு மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்ததுதான். பழைய பெயரும் டொமைனும் வாங்கிய நிறுவனத்திடமே நின்றுவிட்டன. உங்கள் விக்கியில் பங்களிப்பவர்கள் எழுதுவதையும் முதல் நாளிலிருந்தே அப்படியொரு உரிமத்தில் வையுங்கள். கொடுத்த பிறகு திரும்பப் பெற முடியாத உரிமம் அது என்பதை எழுதும் பெட்டிக்குப் பக்கத்திலேயே தெரியும்படி சொல்லிவிடுங்கள். பழைய இதழ்களின் ஸ்கேனுக்கு அது பொருந்தாது; நீங்கள் சொந்தம் கொண்டாட முடியாததை நீங்கள் உரிமம் கொடுக்கவும் முடியாது.

ஹார்ட் டிஸ்க்கை நம்பாதீர்கள். இந்த வாரமே இரண்டு பிரதி எடுத்து, இரண்டு வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஸ்கேன் முடிந்ததும் இதழ்களைப் பழைய பேப்பரில் போட்டுவிடாதீர்கள். அயோவா பல்கலைக்கழக நூலகம் போல ரசிகர் இதழ்களையே தனித் தொகுப்பாகப் பாதுகாக்கும் நூலகங்கள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.

டொமைன் புதுப்பிப்பு அடுத்த மாதம் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பொதுவாக அதிகபட்சம் 10 ஆண்டுகள்வரைதான் முன்கூட்டிப் பதிவு செய்ய முடியும், அதனால் எப்படியும் யாராவது நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலை அது. புதுப்பிக்கும்போதே கணக்கின் மின்னஞ்சலைக் குழுவுக்கான பொது முகவரிக்கு மாற்றி, கடவுச்சொல்லை இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். நிதி பற்றிய அந்தப் பக்கம் இப்போது வரைவாகத்தான் இருக்கிறதா, இல்லை வெளியில் தெரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிகிறது என்றால், இதைப் படித்து முடித்த கையோடு போய் மறைத்துவிடுங்கள்.